நுரையீரலுக்குள்ளே இருக்கிற சோப்பை எப்படி அளப்பீங்க?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த 'ம்ம்', 'அதாவது', நடுவுல எங்க வீட்டு நாய் குரைச்சது எல்லாத்தையும் எடுத்தாச்சு. மத்தபடி பேசினது பேசினபடியே.)

போன ரெண்டு மாசமா எபிசோட் வரலைன்னு நிறைய பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க. சிலர் அன்பா, சிலர் கொஞ்சம் காரமா. காரணம் சொல்லிடறேன். எங்க அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. பிறக்க வேண்டியது ஜூலையில். பிறந்தது மே முதல் வாரம். 29 வாரம். எடை 1 கிலோ 100 கிராம். எங்க அமுச்சி அரிசிக் கடையில கையாலயே எடை பார்த்துச் சொல்ற ஆளு. அவங்க சொன்னது, "ஒரு படி அரிசி கனங்கூட இல்லையே சாமி."

பாப்பா இப்போ நல்லா இருக்கா. அதை முதல்லயே சொல்லிடறேன், கடைசி வரைக்கும் பதற்றமா கேட்க வேண்டாம்.

மருத்துவமனை பேரெல்லாம் வேண்டாம், கோயம்புத்தூர்தான். முதல் நாள் ராத்திரி என்ஐசியூ வாசல்ல நானும் மாமாவும் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் வெளியே வந்து, "நுரையீரல் விரிய மாட்டேங்குது, ஒரு மருந்து உள்ளே விடணும், கையெழுத்துப் போடுங்க"ன்னார். மாமா போட்டுட்டார். நான்தான் சும்மா இருக்காம, "என்ன மருந்து சார்?"னு கேட்டேன். அவர் அவசரத்துல இருந்தார். ஆனாலும் நின்னு சொன்னார்: "நுரையீரல் உள்ளுக்குள்ள ஒட்டாம இருக்க ஒரு சோப்பு மாதிரி இருக்குது தம்பி. நம்ம எல்லாருக்கும் தானா ஊறும். இந்தப் பாப்பாவுக்கு இன்னும் ஊறலை. அதை நாம கொடுக்கறோம்."

கண்ணாடி வழியா பார்த்தேன். ஒரு நர்ஸ் சின்னக் குப்பி ஒண்ணை உள்ளங்கைக்குள்ள மூடி வச்சுக்கிட்டு நின்னாங்க. சாமி கும்பிடறாங்க போலன்னு நினைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சது, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மருந்தைக் கைச்சூட்டுல கொஞ்ச நேரம் வச்சுத்தான் கொடுக்கணும், குலுக்கக் கூடாது. கிலோவுக்கு 4 மில்லி. எங்க பாப்பாவுக்கு நாலரை மில்லிகூட இல்லை. மாட்டு நுரையீரலிலிருந்து பிரிச்செடுத்த வெள்ளைத் திரவம், பார்க்கப் பால் மாதிரி.

அந்த 'சோப்பு மாதிரி'ங்கிற வார்த்தை என் மண்டையில உட்கார்ந்துடுச்சு. நான் சாஃப்ட்வேர் ஆளு. யாராவது 'மாதிரி'ன்னு சொன்னா, எவ்வளவுன்னு கேட்கத் தோணும். எவ்வளவு சோப்பு? நல்ல சோப்பா கெட்ட சோப்பான்னு எதை வச்சு சொல்றாங்க? ஒரு குப்பி மருந்து வேலை செய்யும்னு குழந்தைக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடியே யாரோ எங்கேயோ அளந்திருக்கணும் இல்லையா? இன்னைக்கு எபிசோட் அதுதான்.

முதல்ல பிரச்சினையைப் புரிஞ்சுக்குவோம். ஸ்கூல்ல படிச்ச பரப்பு இழுவிசை ஞாபகம் இருக்கா? தண்ணியோட மேல்பரப்பு எப்பவும் தன்னைச் சுருக்கிக்கப் பார்க்கும். அதனாலதான் துளி உருண்டையா இருக்கு. நம்ம நுரையீரலுக்குள்ள 30 கோடியிலிருந்து 50 கோடி வரைக்கும் காற்று நுண்ணறைகள் இருக்கு. ஒவ்வொண்ணும் குறுக்கே சுமார் 0.2 மில்லிமீட்டர். அதோட உட்சுவர்ல ஈரம் இருக்கு. ஈரம்னா தண்ணி, தண்ணின்னா சுருங்கப் பார்க்கும். அதாவது கோடிக்கணக்கான சின்னப் பைகள், ஒவ்வொண்ணும் எந்நேரமும் மூடிக்கத் துடிச்சுக்கிட்டு இருக்கு.

எவ்வளவு பலமா? லாப்லாஸ் சூத்திரம்: அழுத்தம் என்பது இழுவிசையை ரெண்டால பெருக்கி, ஆரத்தால வகுக்கிறது. உடம்புச் சூட்டுல வெறும் தண்ணிக்கு இழுவிசை 70 மில்லிநியூட்டன், ஒரு மீட்டருக்கு. இனிமே அந்த அலகைச் சொல்லாம வெறும் 70னு சொல்றேன். 0.1 மில்லிமீட்டர் ஆரம் போட்டுக் கணக்குப் பண்ணினா 1400 பாஸ்கல். அதாவது 14 சென்டிமீட்டர் உயரத் தண்ணியோட அழுத்தம்.

இது எண்ணா கேட்டா ஒண்ணும் தோணாது. ஒரு உயரமான சொம்புல தண்ணி நிரப்பி, ஸ்ட்ராவை அடி வரைக்கும் விட்டு ஊதிப் பாருங்க. குமிழ் வர்றதுக்கு எவ்வளவு ஊதணும்? அது 14 சென்டிமீட்டர். இப்போ ஸ்ட்ராவை மேல தூக்கி, நுனி மட்டும் 1 சென்டிமீட்டர் முங்கற மாதிரி வச்சு ஊதுங்க. சும்மா மூச்சு விட்டாலே குமிழ் வரும். இழுவிசை 5க்கு இறங்கினா நுரையீரலுக்கு அவ்வளவுதான் வேலை. முதல் ஊதல், நிமிஷத்துக்கு 60 தடவை, ஒரு கிலோ எடை, விலா எலும்பு இன்னும் குருத்து. அப்போ புரியும் குறைமாசக் குழந்தை ஏன் களைச்சுப் போகுதுன்னு.

இன்னொரு வேடிக்கை. இந்தச் சொம்பு விளையாட்டை என்ஐசியூவிலேயே பார்த்தேன். பாப்பா மூக்கிலிருந்து போற குழாயோட மறுமுனை பக்கத்துல ஒரு தண்ணி பாட்டிலுக்குள்ள 5 சென்டிமீட்டர் முங்கியிருந்தது. அது பாட்டுக்கு களகளன்னு குமிழ் விட்டுக்கிட்டே இருந்தது. பபுள் சிபாப். தண்ணிக்குள்ள எவ்வளவு ஆழம் முங்கியிருக்கோ அந்த அளவு அழுத்தம் குழந்தையோட நுரையீரலைத் திறந்தே வச்சிருக்கும். சென்சார் இல்லை, சாஃப்ட்வேர் இல்லை. நான் எழுதின எந்த கோடும் இவ்வளவு நம்பிக்கையா ஓடினதில்லை.

சரி, அளக்கிற கதைக்கு வருவோம். எங்க தாய்மாமா ஒருத்தர் திருப்பூர்ல டையிங் யூனிட்ல இருபது வருஷமா இருக்கார். பாப்பாவைப் பார்க்க வந்தவர்கிட்ட இதைச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. "இதுல என்னங்க மாப்ளே, நாங்க தினமும் பண்றதுதானே. துணி தண்ணி குடிக்குதான்னு ஒரு சொட்டு விட்டுப் பாப்போம்." பச்சைப் பருத்தித் துணியில மெழுகு இருக்கும். சொட்டு விட்டா முத்து மாதிரி அப்படியே நிக்கும். காஸ்டிக்கும் வெட்டிங் ஆயிலும் போட்டு வேக வச்சு அலசின துணியில சொட்டு விட்ட உடனே காணாமப் போயிடும். எத்தனை செகண்டுல போகுதுங்கிறதுதான் அளவு. வெட்டிங் ஆயில்னு அவர் சொல்றதும் ஒரு சர்ஃபேக்டன்ட்தான். ஊர்ல பாதிப் பேருக்குச் சோறு போடற தொழில் இந்தப் பரப்பு இழுவிசை மேலதான் நிக்குதுன்னு எனக்கு 28 வயசுல தெரியுது.

அந்த வார இறுதியில நானே அளந்து பார்த்துடறதுன்னு முடிவு பண்ணினேன். மருத்துவமனையில சும்மா உட்கார்ந்திருக்க முடியலை, ஏதாவது செய்யணும்போல இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

வழி எளிமையானது. ஊசி முனையில ஒரு துளியைத் தொங்க விடுங்க. ஈர்ப்பு விசை அதைக் கீழே இழுக்குது, பரப்பு இழுவிசை உருண்டையாக்கப் பார்க்குது. ரெண்டும் சண்டை போட்டுத் துளிக்கு ஒரு பேரிக்காய் வடிவம் வருது. அந்த வடிவத்தை போட்டோ எடுத்து, விளிம்பைச் சமன்பாட்டோட பொருத்திப் பார்த்தா இழுவிசை வந்துடும். மெல்போர்ன்ல எழுதின ஓப்பன்டிராப்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, பைத்தான்ல. என் செட்டப்: போன், பத்து வருஷம் பழைய மேக்ரோ லென்ஸ், பின்னாடி லேப்டாப்ல முழு வெள்ளை ஸ்க்ரீன், பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டர், மெடிக்கல் ஷாப் சிரிஞ்ச்.

வந்திருக்க வேண்டியது 71 சொச்சம். வந்தது 58.

பக் எங்கேன்னு தேடினேன். முதல்ல ஸ்கேல். ஊசியோட தடிமனை வச்சுத்தான் படத்துக்கு அளவு கொடுக்கிறோம். கணக்குல ஆரம் வர்க்கமா வருது, அதனால தடிமன்ல 2 சதவீதம் பிசகினா விடையில 4 சதவீதம் போயிடும். பாக்கெட்ல போட்டிருந்த நம்பரை நம்பாம மைக்ரோமீட்டர் வாங்கி அளந்தேன். 61 ஆச்சு. மீதி? அதைக் கண்டுபிடிச்சது ஒரு பிஎச்டி நண்பர். நான் எல்லாத்தையும் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டுட்டு, ஒரே கேள்வி: "பிளாஸ்டிக் சிரிஞ்சா?" பிளாஸ்டிக் சிரிஞ்சுல பிஸ்டன் வழுக்கிப் போறதுக்கு உள்ளே சிலிக்கோன் எண்ணெய் தடவியிருப்பாங்க. கண்ணுக்குத் தெரியாத அந்த எண்ணெய் தண்ணித் துளி மேல பரவி இழுவிசையைக் குறைச்சிடுச்சு. அவர்கிட்டயே கண்ணாடி சிரிஞ்ச் வாங்கி, கழுவி, அலசி, திரும்பக் கழுவி... 71.2. ராத்திரி ஒண்ணரை மணி. அக்காவுக்கு வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பினேன். அவ பால் பீய்ச்சறதுக்கு அலாரம் வச்சு முழிச்சுக்கிட்டு இருந்தா. "தூங்குடா"ன்னு பதில் வந்தது.

இந்தச் சின்ன அனுபவத்துக்கு அப்புறம்தான் பழைய ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படிக்கும்போது அவங்க பட்ட பாடு எனக்குக் கொஞ்சமாவது உறைச்சது. விரல் ரேகையில இருக்கிற எண்ணெய் போதும், ஒரு நாள் வேலை காலி.

1929ல கர்ட் ஃபான் நீர்கார்டுங்கிறவர் பன்றி நுரையீரல் ஒண்ணை முதல்ல காற்றால ஊதினார், அப்புறம் திரவத்தால நிரப்பினார். திரவத்துக்கு ரொம்பக் குறைஞ்ச அழுத்தமே போதுமா இருந்தது. ஏன்னா திரவம் நிரப்பும்போது காற்றும் நீரும் சந்திக்கிற பரப்பே இல்லை, அதனால இழுவிசையும் இல்லை. நுரையீரல் சுருங்கப் பார்க்கிறதுல பெரும்பங்கு தசையால இல்லை, இந்த ஈரப் பரப்பாலன்னு அவர் காட்டிட்டார். அடுத்த கால் நூற்றாண்டு யாரும் பெருசா கண்டுக்கலை.

அப்புறம் 1950கள். விஷவாயுவை மூச்சுல இழுத்தா நுரையீரல் என்ன ஆகும்னு ராணுவங்களுக்குக் கவலை. இங்கிலாந்துல போர்ட்டன் டவுன்ல ரிச்சர்ட் பேட்டில், நுரையீரலிலிருந்து வர்ற நுரையைப் பார்த்துக்கிட்டு இருந்தார். சாதாரண நுரை உடையணும். இது உடையவே இல்லை. நுரையடக்கும் மருந்து போட்டும் கேட்கலை. இவ்வளவு சின்னக் குமிழ் சுருங்கிக் காணாமப் போகாம நிக்குதுன்னா அதோட இழுவிசை கிட்டத்தட்ட பூஜ்யமா இருக்கணும்னு 1955ல எழுதினார். இங்கே ஒரு நிமிஷம். நாம அந்த உறுப்புக்கு என்ன பேர் வச்சிருக்கோம்? நுரை, ஈரல். நம்ம ஆளுங்க ஆட்டை அறுக்கும்போது பார்த்ததை அப்படியே பேரா வச்சுட்டாங்க. பேட்டில் அந்த நுரையையே உட்கார்ந்து யோசிச்சார்.

அதே நேரம் அமெரிக்க ராணுவத்தோட ரசாயன ஆய்வகத்துல ஜான் கிளெமென்ட்ஸ். அவர் தானே ஒரு தராசு செஞ்சார். ஒரு தட்டையான தொட்டி, அதுல உப்புத்தண்ணி. அதுமேல நுரையீரலிலிருந்து எடுத்த சாறு. மேல தராசிலிருந்து ஒரு மெல்லிய பிளாட்டினத் தகடு, விளிம்பு மட்டும் தண்ணியைத் தொடற மாதிரி தொங்குது. தண்ணி தகட்டைக் கீழே இழுக்கிற விசைதான் நமக்கு வேணும். 1 சென்டிமீட்டர் அகலத் தகடுன்னு வச்சுக்குங்க, வெறும் தண்ணி அதை இழுக்கிறது சுமார் 150 மில்லிகிராம் எடைக்குச் சமம். இழுவிசை 5க்கு இறங்கினா 10 மில்லிகிராம். நம்ம ராஜவீதி நகைக்கடைத் தராசுல பொன்துகள் நிறுக்கிற அளவு.

முக்கியமான விஷயம் தகடு இல்லை, தொட்டியில குறுக்கே நகர்ற ஒரு தடுப்பு. அதைத் தள்ளினா பரப்பு குறுகும், இழுத்தா விரியும். மூச்சு விடற மாதிரி, மூச்சு இழுக்கிற மாதிரி. கிளெமென்ட்ஸ் 1957ல வெளியிட்டதுல, விரிஞ்ச நிலையில நாற்பது சொச்சமா இருந்த இழுவிசை, சுருக்கினதும் 10 வரைக்கும் இறங்குச்சு. திரும்ப விரிச்சா போன வழியில வராம வேற வழியில ஏறுச்சு.

இதுல என்ன பெருசுன்னு தோணலாம். எனக்கும் தோணுச்சு. பாத்திரம் கழுவற சோப்பை என் துளியில கலந்து பார்த்தேன், 29க்கு வந்துடுச்சு. ஆனா துளியைப் பாதியளவு திரும்ப உறிஞ்சிச் சின்னதாக்கிப் பார்த்தா... 29, 28. நகரவே இல்லை. சோப்பு அங்கேயே நின்னுடும். நுரையீரல்ல இருக்கிறது நிக்காது, பூஜ்யத்துக்குப் பக்கத்துல போகும்.

ஏன்னு சொல்றேன். காலையில காந்திபுரத்திலிருந்து உக்கடம் போற டவுன் பஸ்ஸை நினைச்சுக்குங்க. சோப்பு மூலக்கூறுகள் காலேஜ் பசங்க மாதிரி. நெருக்கினா ஃபுட்போர்டுலருந்து குதிச்சு இறங்கிடுவாங்க, அதாவது தண்ணிக்குள்ள கரைஞ்சு போயிடும். பஸ்ஸுக்குள்ள நெருக்கடி ஒரு அளவுக்கு மேல ஏறாது. நுரையீரல் சர்ஃபேக்டன்ட்ல முக்கியமான ஆளு டிபிபிசின்னு ஒரு கொழுப்பு. அது தண்ணியில கரையாது. நெருக்கினா இறங்காது, நிமிர்ந்து நின்னு இன்னும் இன்னும் இடிச்சுக்கிட்டு நிக்கும், கிட்டத்தட்ட திடப்பொருள் மாதிரி. அந்த நெருக்கடி தண்ணியோட சுருங்குற ஆசையை ரத்து பண்ணிடுது. மூச்சை வெளியே விட்டுப் பை சின்னதாகும்போதுதான் மூடிக்கிற அபாயம் அதிகம், சரியா அந்த நேரத்துலதான் இழுவிசை அடிமட்டத்துக்குப் போகுது. டாக்டர் சொன்ன 'சோப்பு மாதிரி' பாதி சரி.

கிளெமென்ட்ஸோட தராசைப் பார்க்க மேரி எல்லன் ஏவரிங்கிற இளம் டாக்டர் போனாங்க. பிறந்து ரெண்டு மூணு நாள்ல மூச்சுத் திணறி இறந்த குழந்தைகளோட நுரையீரல்ல ஏன் நுரையே இல்லைங்கிறது அவங்க கேள்வி. 1959ல ஜியர் மீடோட சேர்ந்து அளந்து எழுதினாங்க: அந்தக் குழந்தைகளோட நுரையீரல் சாறு, எவ்வளவு சுருக்கினாலும் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கலை. அதுவரைக்கும் நோய்க்கு ஏதேதோ காரணம் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. ஒரு தராசு அதை மாத்திடுச்சு.

ஆனா மருந்து உடனே வரலை. 1963 ஆகஸ்ட்ல அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான், பேட்ரிக். அஞ்சரை வாரம் முன்னாடி, எடை 2 கிலோவுக்கு மேல. 39 மணி நேரம்தான் இருந்தான். எங்க பாப்பா அதுல பாதி எடை. நாட்டோட அதிபர் நினைச்சாலும் கிடைக்காத ஒண்ணு, இன்னைக்கு ஒரு டையிங் யூனிட் ஃபிட்டரோட மகளுக்குக் கோயம்புத்தூர்ல ராத்திரி பதினொரு மணிக்குக் கிடைக்குது. எங்க மாமா ஃபிட்டர்தான், அதனால சொல்றேன். இலவசமா கிடைச்சதுன்னு சொல்ல மாட்டேன், மாமாவோட பைக் இப்போ இல்லை.

குழந்தைகளுக்குக் கொடுத்து வெற்றி பெற்றது ஜப்பான்ல, டெட்சுரோ ஃபுஜிவாரா. மாட்டு நுரையீரல்லருந்து எடுத்ததைப் பத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்து 1980ல வெளியிட்டார்.

இந்த இடைவெளியில அளக்கிற கருவியும் மாறிக்கிட்டே வந்தது. இந்தப் பகுதியைக் கொஞ்சம் அதிகமாவே பேசுவேன், எனக்குப் பிடிச்சது. தொட்டியில ஒரு தலைவலி: இழுவிசை ரொம்பக் குறையும்போது அந்தக் கொழுப்புப் படலம் தொட்டியோட சுவர் மேல ஏறிக் கசிஞ்சு போயிடும். டெஃப்லான் சுவரா இருந்தாலும் கசியும். அப்போ நீங்க அளக்கிற எண் தப்பு, ஆனா கருவி எந்த எர்ரரும் காட்டாது. நம்ம பாஷையில சைலன்ட் ஃபெயில்யூர். அதோட தொட்டி பெருசு, நிறைய மாதிரி வேணும். குறைமாசக் குழந்தைகிட்டருந்து எவ்வளவு எடுக்க முடியும்?

1977ல யோரான் என்ஹார்னிங் செஞ்சதுல, ஒரு சொட்டுக்கும் குறைவான மாதிரிக்குள்ள ஒரே ஒரு குமிழ். குழாய் நுனியில தொங்குது. அதோட ஆரம் 0.4 மில்லிமீட்டருக்கும் 0.55க்கும் நடுவுல போய்ப் போய் வருது, நிமிஷத்துக்கு 20 தடவை, 37 டிகிரியில. ஒரு நுண்ணறையை வெளியே எடுத்து வச்சு மூச்சு விட வைக்கிற மாதிரி. குமிழுக்குள்ள அழுத்தத்தை அளந்தா, ஆரம் தெரியும், இழுவிசை வந்துடும். ஆனா குமிழ் குழாயைத் தொட்டுக்கிட்டு இருக்கே, அந்த வழியா மறுபடியும் கசிவு.

1989ல சாமுவேல் ஷூர்ச்சும் கூட்டாளிகளும் அதையும் அடைச்சாங்க. எங்கேயும் ஒட்டாத குமிழ். சின்ன அறை முழுக்க திரவம், கூரையில கடற்பாசி ஜெல், அதாவது அகரோஸ். குமிழ் மேலே போய்க் கூரையில முட்டி நிக்கும், ஆனா ஜெல் ஈரமா இருக்கிறதால நடுவுல எப்பவும் மெல்லிய நீர்ப்படலம். தொடுற மாதிரி இருக்கும், தொடாது. கசிய இடமே இல்லை. அப்புறம் அறையை பிஸ்டனால அழுத்தினா குமிழ் சுருங்கும். வெறும் தண்ணியில உருண்டையா இருக்க வேண்டிய குமிழ், நல்ல சர்ஃபேக்டன்ட்ல அழுத்த அழுத்த தோசை மாதிரி தட்டையாகும். உருண்டையாக்கிற விசையே போயிடுச்சு இல்லையா, மிதப்பு விசை அதைக் கூரையோட அமுக்கிடும். அந்த வடிவத்தை வச்சுக் கணக்கு. நல்ல மாதிரின்னா பரப்பை மூணுல ஒரு பங்குகூடக் குறைக்கத் தேவையில்லை, அதுக்குள்ள 2க்குக் கீழே போயிடும். என் பேட்டரித் தண்ணித் துளியும் இதுவும் ஒரே கணக்குதான், தலைகீழா.

ஆனா இதெல்லாம் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில நடக்காது. அதுக்கும் ஒரு வழி இருக்கு, அதுக்கு அடி போட்டதும் கிளெமென்ட்ஸ்தான், 1972ல. குலுக்கல் சோதனை. குழந்தையோட வயித்துல இருக்கிற திரவம், பிறந்ததும் குழாய்ல எடுக்கிறது, அரை மில்லி. அதுல ஆல்கஹால் அரை மில்லி. சோதனைக் குழாய்ல 15 செகண்ட் குலுக்கு, 15 நிமிஷம் வை. விளிம்பு சுத்தி குமிழ் வளையம் நின்னுதுன்னா சர்ஃபேக்டன்ட் இருக்கு. நம்ம நாட்டுப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகள்ல இதைப் பண்ற வழக்கம் உண்டு. ஆல்கஹால் எதுக்குன்னா, வயித்துத் திரவத்துல நுரைக்கக்கூடிய புரதம் மாதிரி வேற சாமானும் இருக்கும். ஆல்கஹால் அதுகளோட நுரையை அடக்கிடும், நுரையீரல் சரக்கு மட்டும் தாக்குப் பிடிக்கும். ஃபில்டர் போட்டுட்டு குவெரி ஓட்டற மாதிரி. மொத்தச் செலவு ஒரு டீ காசு வராது.

இந்தியாவுல இந்த மருந்து விலைதான் எப்பவும் முட்டுக்கட்டை. ஆட்டு நுரையீரல்லருந்து எடுத்த சர்ஃபேக்டன்ட்டை நம்ம நாட்டிலேயே தயாரிச்சு, பல மருத்துவமனைகள்ல மாட்டு மருந்தோட ஒப்பிட்டுச் சோதிச்சு, 2019ல கட்டுரை வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை மட்டன் கடையில நாம வேண்டாம்னு தள்ளற சாமான். அதுக்கு முன்னாடி, 2001ல ஐஐடி பம்பாய்ல ரிந்தி பானர்ஜியும் ஜயேஷ் பெல்லாரேயும் ஒண்ணு பண்ணினாங்க. டிபிபிசி தனியா இருந்தா சோம்பேறி, பரப்புல வேகமாப் பரவாது. வேகமாப் பரவ நம்ம உடம்புல புரதங்கள் உதவுது. அதைச் செயற்கையாச் செய்யறது கஷ்டம், விலையும் ஜாஸ்தி. இவங்க அதுக்குப் பதிலா டிபிபிசியோட என்ன கலந்து அளந்தாங்க தெரியுமா? நீலகிரித் தைலம். கிராம்பு எண்ணெயும் இன்னொரு ஆய்வுல. சோதனைக் கருவியில பரப்பு இழுவிசை அளவுகள் வெறும் டிபிபிசியைவிட நல்லா வந்தது.

இந்த விஷயத்தை வீட்டுல எல்லாரும் இருக்கும்போது உற்சாகமாச் சொன்னேன். தப்பு பண்ணிட்டேன். பாப்பா டிஸ்சார்ஜ் ஆகி நாலாவது நாள். எங்க அமுச்சிக்குத் தலைவலின்னாலும் தைலம், கால்வலின்னாலும் தைலம். ஊட்டிக்கு யார் போனாலும் ஒரு பாட்டில் வாங்கிட்டு வரணும். கேட்டதும் எந்திரிச்சுட்டாங்க. "நான் அன்னைக்கே சொன்னனில்ல? நெஞ்சுல ரெண்டு சொட்டு தேச்சா சளி கட்டாதுன்னு. இவன் படிச்சவன், இவனே சொல்றான்."

அதனால தெளிவாச் சொல்லிடறேன், நீங்களும் உங்க வீட்டுல சொல்லுங்க. அந்த ஆய்வு கருவிக்குள்ள நடந்தது, அளந்த விகிதத்துல, ஒரு கொழுப்போட கலந்து. குழந்தையோட மூக்குலயோ நெஞ்சுலயோ தேய்க்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. நீலகிரித் தைலம் கைக்குழந்தைக்கு ஆபத்து. வாய்க்குள்ள போனா வலிப்பு வரைக்கும் கொண்டு போகும். கற்பூரமும் அப்படித்தான். 'இயற்கைதானே'ன்னு சொல்ற சொந்தக்காரங்க எல்லார் வீட்டுலயும் இருக்காங்க.

இன்னொண்ணு, இது என் வருத்தம். குறைமாசப் பிரசவம் ஆகப்போகுதுன்னு தெரிஞ்சா அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவாங்க. நியூசிலாந்துல லிக்கின்ஸும் ஹோவியும் 1972ல காட்டினது. குழந்தை வயித்துக்குள்ள இருக்கும்போதே நுரையீரலை அது முதிர வைக்கும். நம்ம ஊர்ல 12 மணி நேரத்துக்கு ஒண்ணா 4 ஊசி. விலை ரொம்பக் கம்மி. எங்க அக்காவுக்கு முந்தின நாள் மத்தியானமே இடுப்பு வலி. "சூட்டு வலியா இருக்கும், சீரகத் தண்ணி குடி"ன்னு சொன்னது வேற யாரும் இல்லை, போன்ல நான்தான். மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது ஒரு ஊசி போடத்தான் நேரம் இருந்தது. இதை அக்காகிட்ட இன்னும் நான் பேசலை. இந்த எபிசோடை அவ கேட்பா.

மருந்து கொடுத்த அன்னைக்கு ராத்திரி, நர்ஸ்கிட்ட ஒரு உதவி கேட்டேன்: "சிஸ்டர், அந்தக் காலிக் குப்பியில ஒட்டியிருக்கிற ஒரு சொட்டு கிடைக்குமா, அளந்து பார்க்கணும்." அவங்க என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, குப்பியைக் கழிவுத் தொட்டியில போட்டுட்டு, மானிட்டரைக் காட்டினாங்க. கொடுக்கிறதுக்கு முன்னாடி பாப்பாவுக்கு 60 சதவீத ஆக்ஸிஜன் ஓடிக்கிட்டு இருந்தது. ஒரு மணி நேரத்துல 35க்கு இறக்கியிருந்தாங்க. விடியும்போது 25. "இதுதாங்க எங்க அளவு"ன்னாங்க.

தைலப் பாட்டில் இப்போ பீரோவுல, சாவி அக்காகிட்ட. அமுச்சி ரெண்டு நாள் என்கூடப் பேசலை. அடுத்த எபிசோட் ரெண்டு வாரத்துல, நிச்சயமா. தாய்மாமா வர்றதாச் சொல்லியிருக்கார், டையிங் யூனிட்ல தண்ணியை எப்படித் திரும்ப எடுக்கிறாங்கன்னு பேசப்போறோம். வர்றேனுங்க.